கணக்கில் ஏறும் காசு: ஒன்ராறியோவில் வேலையும் சொந்தத் தொழிலும் தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்காபரோவில் தமிழ்க்கடைக்குள் நுழைந்தால் கதவுக்குப் பக்கத்தில் துண்டுக் காகிதங்கள் ஒட்டியிருக்கும். நிலக்கீழ் அறை வாடகைக்கு, கார் பழக்குகிறோம், சமையலுக்கு ஆள் தேவை. கடைசித் துண்டில் உள்ள இலக்கத்துக்குத்தான் புதிதாக வந்தவர் முதலில் அழைப்பார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு சமையலறையில் இரவு வேலை, வெள்ளிக்கிழமை கையில் காசு. வரி இல்லை, பதிவு இல்லை, கேள்வியும் இல்லை.

அதன் விலை பல வருடங்களுக்குப் பிறகுதான் விளங்கியது. அம்மாவை ஸ்பொன்சர் செய்ய விண்ணப்பித்தபோது, அடுத்தடுத்த மூன்று வருடங்களுக்கான வருமான வரி மதிப்பீட்டு அறிவித்தலைக் கேட்டார்கள். நான் உழைத்த காசில் பாதிகூட அந்தக் காகிதங்களில் இல்லை. காத்திருக்க வேண்டி வந்தது. வயதான ஒரு தாய்க்கு மூன்று வருடம் என்பது சின்னக் காலம் அல்ல.

அதனால் இந்த வழிகாட்டியில் திரும்பத் திரும்ப ஒரே விசயத்தைச் சொல்வேன். குறைவாக வந்தாலும் பரவாயில்லை, வருகிற காசு கணக்கில் ஏற வேண்டும். கனடாவின் மற்ற மாகாணங்களில் சட்டங்கள் மாறும். நான் எழுதுவது ஒன்ராறியோவைப் பற்றி, பெரும்பாலும் ரொறன்ரோவைச் சுற்றி வாழ்பவர்களை மனதில் வைத்து.

முதற்படி: கையில் உள்ள பேப்பர் என்ன சொல்கிறது?

வேலைக்கும் தொழிலுக்கும் முன்னால் உங்கள் அனுமதிப் பத்திரத்தை ஒரு வரி விடாமல் வாசியுங்கள். ஆங்கிலம் கஷ்டம் என்றால் தெரிந்த ஒருவரோடு இருந்து வாசியுங்கள்.

விசிற்றர் விசாவில் வந்தவர் இங்கே வேலை செய்ய முடியாது. கையில் காசு என்றாலும் அது வேலைதான். அகதிக் கோரிக்கை வைத்தவர் கைரேகை, மருத்துவப் பரிசோதனை எல்லாம் முடித்த பிறகு வேலை அனுமதி பெறலாம், அதற்குக் கட்டணம் இல்லை. சர்வதேச மாணவர் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணித்தியாலம் வேலை செய்யலாம். 2024 நவம்பரில் இருந்து இதுதான் எல்லை.

வேலை அனுமதி இரண்டு வகை. திறந்த அனுமதி உள்ளவர் யாரிடமும் வேலை செய்யலாம், சொந்தத் தொழிலும் செய்யலாம். மூடிய அனுமதியில் முதலாளியின் பெயர் எழுதியிருக்கும். அவரிடம் மட்டும்தான் வேலை. வார இறுதியில் சொந்தமாகக் கேட்டரிங் செய்வதுகூட விதிமீறல். அந்த முதலாளி சம்பளத்தைப் பிடித்து வைத்தாலோ மிரட்டினாலோ பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை. துன்புறுத்தலுக்கு ஆளான மூடிய அனுமதிக்காரருக்கென்றே தனியான திறந்த அனுமதி ஒன்று 2019 முதல் இருக்கிறது. இது தெரியாமல் வருடக்கணக்கில் அடிமைபோல் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்க முதலாளி பெறும் அரசு மதிப்பீடு) எடுத்துத் தருகிறேன் என்று பல்லாயிரம் டொலர் கேட்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள். வேலையை விற்பது சட்டவிரோதம். குடிவரவு ஆலோசனைக்குக் காசு வாங்க இந்த மாகாணத்தில் உரிமை உள்ளவர்கள் சட்டத்தரணிகள், உரிமம் உள்ள பராலீகல்கள் (சட்ட உதவியாளர்கள்), குடிவரவு ஆலோசகர்களின் கல்லூரி என்ற ஒழுங்குபடுத்தும் அமைப்பில் பதிந்த ஆலோசகர்கள் மட்டுமே. பெயரை ஒன்லைனில் தேடிச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

பி.ஆர். (நிரந்தர வதிவுரிமை) இல்லாதவர் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. பி.ஆர். விண்ணப்ப முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கனேடிய அனுபவப் பிரிவின் கீழ் விண்ணப்பிக்க நினைத்தால், சொந்தத் தொழிலில் செய்த வேலை அந்த ஒரு வருட அனுபவத்தில் சேராது. மாணவராக முழுநேரம் படித்தபோது செய்த வேலையும் சேராது. உங்களுடைய கொம்பனியிலேயே உங்களுக்குச் சம்பளம் எழுதினாலும் பெரும்பாலும் அதே கதைதான். ஆகவே பி.ஆர். கிடைக்கும்வரை வேறொருவரிடம் தகுதியான வேலை, அதன் பிறகு கடை என்ற ஒழுங்கில் போவதே நல்லது. கையில் நல்ல தொழில் ஐடியா இருக்கும்போது பொறுத்திருப்பது கடினம்தான். ஆனால் பொறுத்திருங்கள்.

இரண்டாம் படி: சின் நம்பரும் முதல் வேலையும்

சின் நம்பர் என்பது வேலைக்கும் வரிக்கும் வேண்டிய சமூகக் காப்புறுதி எண், அது இலவசம். மத்திய அரசின் சேர்விஸ் கனடா அலுவலகத்தில் நேரில் கேட்கலாம், ஒன்லைனிலும் விண்ணப்பிக்கலாம். தற்காலிகமாக இருப்பவர்களின் எண் 9இல் தொடங்கும், அதற்கு முடிவுத் திகதி உண்டு. வேலை அனுமதியைப் புதுப்பித்ததும் சின் பதிவையும் புதுப்பிக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். அனுமதி முடிவதற்கு முன்பே நீடிப்புக்கு விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரும்வரை நாட்டை விட்டுப் போகாமல் பழைய நிபந்தனைகளின்படி வேலையைத் தொடரலாம். ஒரு நாள் பிந்தினாலும் அந்தச் சலுகை போய்விடும்.

பெரும்பாலானவர்களின் முதல் வேலை ஏஜென்சி மூலம்தான் வரும். வெயர்ஹவுஸ், பேக்கரி, துப்புரவு. 2024 ஜூலை 1 முதல் ஒன்ராறியோவில் ஏஜென்சிகளுக்கு உரிமம் கட்டாயம், உரிமம் உள்ளவற்றின் பட்டியலை எவரும் பார்க்கலாம். வேலை தேடித் தந்ததற்காக உங்களிடம் ஒரு சதமும் வாங்க அவர்களுக்கு உரிமை இல்லை.

உங்களுக்குச் சேர வேண்டியதைத் தெரிந்து வைத்திருங்கள். குறைந்தபட்சச் சம்பளம் 2025 அக்டோபர் 1 முதல் மணித்தியாலத்துக்கு 17.60 டொலர். ஒவ்வொரு வருடமும் அதே நாளில் இது விலைவாசிக்கு ஏற்ப மாறும். பெரும்பாலான வேலைகளில் வாரத்தில் 44 மணித்தியாலம் தாண்டினால் ஒன்றரை மடங்கு. விடுமுறைச் சம்பளம் குறைந்தது 4 வீதம். தொடர்ந்து ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்குவதானால் நடுவில் அரை மணித்தியாலம் சாப்பாட்டு நேரம். ஒவ்வொரு சம்பளத்துக்கும் கணக்கு எழுதிய துண்டு தர வேண்டும். தரவில்லை, அல்லது குறைத்துத் தந்தார்கள் என்றால் தொழில் அமைச்சுக்கு இலவசமாக முறையிடலாம். இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டும். அதற்காக உங்களை வேலையை விட்டு நிறுத்துவதும் குற்றம். நீங்களும் எத்தனை மணித்தியாலம் நின்றீர்கள் என்று ஒரு கொப்பியில் ஒவ்வொரு நாளும் குறித்து வையுங்கள். முறைப்பாட்டில் அந்தக் கொப்பி பேசும்.

இப்போது கையில் காசு வேலையைப் பற்றிச் சொல்கிறேன். மணித்தியாலத்துக்கு 14, 15 டொலர் தருவார்கள். வரி வெட்டு இல்லாததால் கூடுதலாகக் கிடைப்பதுபோல் இருக்கும். ஆனால் அந்த மணித்தியாலங்கள் வேலையிழப்புக் காப்புறுதிக்குச் சேராது. மகப்பேற்றுக் கால உதவிக்கு 600 மணித்தியாலம் காட்ட வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு நிற்கும் பெண்ணிடம் ஒரு மணித்தியாலமும் இல்லாவிட்டால் என்ன செய்வது? ஓய்வூதியத்திலும் அந்த வருடங்கள் வெறுமையாக இருக்கும். வீடு வாங்கப் போனால் வங்கி கேட்பது மதிப்பீட்டு அறிவித்தலைத்தான். கையில் எரிந்தால்கூடத் தொழிலாளர் நட்டஈடு கேட்பது பெரும் போராட்டமாகிவிடும். இவ்வளவையும் விற்றுத்தான் அந்த வெள்ளிக்கிழமைக் காசை வாங்குகிறோம்.

இன்னொரு வடிவமும் உண்டு, முக்கியமாக ட்ரக் ஓடுபவர்களுக்கு. ‘நீ ஒரு கொம்பனி திற, செக்கை அதன் பெயரில் தருகிறோம்’ என்பார்கள். ட்ரக் அவர்களுடையது, நேரம் அவர்களுடையது, கட்டளையும் அவர்களுடையது. அப்படியென்றால் நீங்கள் ஊழியர்தான். கொம்பனி என்று பெயர் வைத்ததால் அது தொழிலாகிவிடாது. வரித் திணைக்களம் பிடிக்கும்போது கடிதம் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

மூன்றாம் படி: படித்த தொழிலை விட்டுவிடாதீர்கள்

எஞ்சினியர், தாதி, ஆசிரியர் என்று வந்து வெயர்ஹவுசிலேயே இருந்துவிட்டவர்கள் நம்மிடையே அதிகம். வந்த முதல் வருடத்திலேயே படிப்பு மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள், ஊரில் இருந்து சான்றிதழ் எடுக்கவே மாதங்கள் போகும். கனேடிய அனுபவம் வேண்டும் என்று சொல்லித் தள்ளிவிடுவது இப்போது சுலபம் அல்ல. ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில்கள் பலவற்றில் 2023 டிசம்பர் முதல் அப்படிக் கேட்கத் தடை. 2026 ஜனவரி 1 முதல் 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களின் பகிரங்க விளம்பரங்களிலும் அப்படிப் போடக்கூடாது.

மின்வேலை, குழாய்வேலை தெரிந்தவர்கள் கைத்தொழில்களுக்குச் சான்றிதழ் தரும் மாகாண அமைப்பான ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோவிடம் ஊர் அனுபவத்தைக் காட்டிப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கலாம். உரிமம் இல்லாமல் வீட்டுக்கு வீடு மின்வேலை செய்வது மட்டும் வேண்டாம். தீ ஒன்று பிடித்தால் உங்கள் வாழ்க்கையும் அந்த வீட்டோடு போய்விடும்.

நான்காம் படி: கடை திறப்பதற்கு முன் சின்னதாகச் செய்து பாருங்கள்

நம் ஆட்கள் தொழில் என்றதும் முதலில் கடையைத்தான் நினைப்பார்கள். முதலில் கேட்க வேண்டியது இதுதான். அறிமுகம் இல்லாத பத்துப் பேர் உங்களிடம் காசு கொடுத்து வாங்கி, அடுத்த மாதமும் வந்து வாங்குவார்களா? சொந்தக்காரரின் பிறந்தநாளுக்குச் சமைத்துப் பாராட்டு வாங்குவதை வைத்து இதை அளக்க முடியாது.

உணவுத் தொழிலை வீட்டிலேயே தொடங்கலாம், எல்லாவற்றையும் அல்ல. பழுதாகும் ஆபத்துக் குறைந்த உணவுகளை வீட்டுச் சமையலறையில் செய்து விற்க 2020 முதல் ஒன்ராறியோ இடம் கொடுக்கிறது. முறுக்கு, பயத்தம் பணியாரம், கிரீம் இல்லாத கேக், ஜாம், இனிப்புகள் இந்த வகைக்குள் வரக்கூடியவை. உங்கள் பகுதிச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டும், அவர்கள் வந்து பார்ப்பார்கள். ஆட்டிறைச்சி றோல், மீன் பற்றிஸ், பிரியாணி இந்தச் சலுகைக்குள் வராது. அவற்றுக்குப் பரிசோதிக்கப்பட்ட வணிகச் சமையலறை வேண்டும். மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடும் சமையலறைகள் இருக்கின்றன. கடை லீஸ் எடுப்பதற்கு முன் ஆறு மாதம் அப்படி ஒன்றில் செய்து பார்ப்பதே புத்தி. வாடகை வீட்டில் இருப்பவர் வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

உணவு கையாளும் சான்றிதழை இப்போதே எடுத்துவிடுங்கள். ஐந்து வருடத்துக்குச் செல்லும். உணவகம் இயங்கும் ஒவ்வொரு நேரமும் அந்தச் சான்றிதழ் உள்ள ஒருவராவது உள்ளே இருக்க வேண்டும். அது கையில் இருந்தால் வேலை தேடும்போதும் உதவும்.

காரில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினால் காப்புறுதிக் கொம்பனிக்குச் சொல்லுங்கள். தனிப்பட்ட பாவனைக்கு எடுத்த காப்புறுதி டெலிவரியின்போது நடந்த விபத்துக்குப் பணம் தராமல் விடலாம்.

ஐந்தாம் படி: பதிவு

இது பலர் பயப்படும் அளவுக்குச் சிக்கலானது அல்ல. உங்கள் சொந்தப் பெயரிலேயே தொழில் செய்தால் பெயர்ப் பதிவு தேவையில்லை. வேறு பெயர் வைத்தால் ஒன்ராறியோ வணிகப் பதிவேட்டில் 60 டொலருக்கு ஒன்லைனில் பதியலாம், ஐந்து வருடம் செல்லும். கொம்பனியாகப் பதிய மாகாணத்தில் 300 டொலர், மத்திய அரசில் 200 டொலர்.

மலிவு என்று மத்திய பதிவுக்கு ஓடாதீர்கள். அங்கே இயக்குநர்களில் குறைந்தது 25 வீதம் பேர் கனடாவில் வசிக்கும் குடிமக்களாகவோ பி.ஆர். உள்ளவர்களாகவோ இருக்க வேண்டும். ஒன்ராறியோ அந்த நிபந்தனையை 2021 ஜூலையில் நீக்கிவிட்டது. வேலை அனுமதியில் இருப்பவருக்கு இது பெரிய வித்தியாசம்.

தொடக்கத்தில் கொம்பனி தேவையா என்று கேட்டால், பெரும்பாலும் தேவையில்லை என்பேன். தனி உரிமையாளராகத் தொடங்கினால் கணக்கு எளிது, கணக்காளர் செலவும் குறைவு. ஆனால் கடன் வந்தால் உங்கள் வீடும் காரும் அதற்குப் பொறுப்பு. வழக்கு வரக்கூடிய வேலை, பெரிய ஒப்பந்தம், பங்காளி என்று வரும்போது கொம்பனியாக மாற்றுங்கள். மச்சானோடு சேர்ந்து செய்தாலும் பங்கு எவ்வளவு, பிரிந்தால் என்ன என்பதைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வையுங்கள். சொந்தம் நிலைக்க வேண்டும் என்றால் அந்தக் காகிதம் வேண்டும்.

சரி, எதுவானாலும் முதல் நாளே தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு ஒன்று திறந்துவிடுங்கள்.

ஆறாம் படி: வரி, இதில் நேரம் எடுங்கள்

ஊழியராக இருந்தபோது வரியை முதலாளி வெட்டிக் கட்டினார். இனி அந்த முதலாளி நீங்கள்தான். பலர் விழுவது இங்கேதான்.

முதலில் விற்பனை வரி. ஒன்ராறியோவில் எச்.எஸ்.ரி. 13 வீதம். அடுத்தடுத்த நான்கு காலாண்டுகளில் உங்கள் விற்பனை 30,000 டொலரைத் தாண்டினால் பதிவது கட்டாயம். அது இலாபம் அல்ல, மொத்த விற்பனை. ஒரே காலாண்டில் தாண்டிவிட்டால் தாண்டிய அந்த விற்பனையிலிருந்தே வரி அறவிட வேண்டும். ஊபர் போன்றவற்றில் ஆட்களை ஏற்றி ஓடுபவருக்கு இந்த 30,000 சலுகை இல்லை, முதல் சவாரியிலேயே பதிவு வேண்டும். இது தெரியாமல் இரண்டு மூன்று வருடம் ஓடிவிட்டு, வாங்காத வரியைச் சொந்தக் காசில் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

உணவுக்கடைக்காரருக்கு ஒரு நுணுக்கம். அரிசி, மரக்கறி போன்ற அடிப்படை உணவுக்கு வரி பூச்சியம். சமைத்த உணவுக்கு 13 வீதம். ஆனால் ஒருவர் வாங்கும் தயார் உணவும் பானமும் சேர்த்து 4 டொலருக்கு மேற்படாவிட்டால் 5 வீதம்தான். ஒரு றோலும் ஒரு பிளேன் ரீயும் வாங்கும் ஆளிடம் 13 வீதம் அடிக்காதபடி கல்லாப்பெட்டியைச் சரிசெய்து வையுங்கள்.

வாங்கிய எச்.எஸ்.ரி. உங்கள் காசு அல்ல. அரசின் காசு உங்களிடம் சில மாதம் இருக்கிறது, அவ்வளவுதான். அதை எடுத்து வாடகை கட்டியவர்களில் பலரால் பிறகு எழும்ப முடியவில்லை. தனிக் கணக்கில் போடுங்கள். தொழிலுக்கு வாங்கிய சாமானில் நீங்கள் கட்டிய எச்.எஸ்.ரி.யைக் கழித்து மீதியைத்தான் அனுப்புவீர்கள், ஆகவே ஒவ்வொரு பில்லும் காசுதான். பில்களைக் குறைந்தது ஆறு வருடம் வைத்திருக்க வேண்டும். படம் எடுத்துச் சேமியுங்கள், வெப்பத்தில் அச்சிட்ட பில் ஒரு கோடையில் வெளிறிவிடும்.

அடுத்தது வருமான வரி. தனி உரிமையாளர் தன் வரிப் படிவத்தோடு ரி2125 என்ற படிவத்தை நிரப்புவார். தாக்கல் செய்ய ஜூன் 15 வரை நேரம் உண்டு. ஆனால் கட்ட வேண்டிய காசுக்குக் கெடு ஏப்ரல் 30தான், அதன் பிறகு வட்டி ஏறும். ஓய்வூதியத்துக்கு ஊழியர் பங்கு, முதலாளி பங்கு இரண்டையும் நீங்களே கட்டுவதால் 11.9 வீதம். செலவெல்லாம் போக 40,000 டொலர் வந்தது என்றால், முதல் 3,500ஐக் கழித்து மீதிக்குக் கணக்குப் போடுங்கள். 4,343 டொலர் வரும். இது வருமான வரிக்கு மேலதிகம். ஒவ்வொரு வாரமும் இலாபத்தில் நாலில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துவிடுங்கள். சின்னத் தொழிலுக்கு என் அனுபவத்தில் அது போதும்.

தொழில் தொடங்கிய முதல் வருடங்களில் வருமானத்தைக் குறைத்துக் காட்டச் சொல்லும் கணக்காளர் கிடைப்பார். அவரைத் தவிர்த்துவிடுங்கள். வீட்டுக்கடன், ஸ்பொன்சர், ஓய்வூதியம் எல்லாம் அந்த எண்ணைத்தான் பார்க்கும்.

ஏழாம் படி: லீசில் கையெழுத்து

கடை வாடகையைச் சதுர அடிக்கு வருடத்துக்கு இவ்வளவு என்றுதான் சொல்வார்கள். 30 டொலர் என்பார்கள், அதற்கு மேல் டி.எம்.ஐ. என்று ஒன்று வரும். கட்டடத்தின் சொத்து வரி, பராமரிப்பு, காப்புறுதி எல்லாவற்றிலும் உங்கள் பங்கு அது. ஓர் உதாரணமாக, 1,000 சதுர அடிக்கு வாடகை 30, டி.எம்.ஐ. 15 என்றால் வருடத்துக்கு 45,000. எச்.எஸ்.ரி. சேர்த்தால் 50,850. மாதத்துக்கு 4,237 டொலருக்கு மேல். ‘மாசம் 2,500தான்’ என்ற நினைப்போடு கையெழுத்து வைத்தவருக்கு முதல் மாதமே மூச்சு முட்டும்.

வீட்டு வாடகைக்குள்ள பாதுகாப்பு கடைக்கு இல்லை. வாடகை உயர்வுக்கு உச்சவரம்பு கிடையாது. வாடகை 15 நாள் பிந்தினால் 16ஆம் நாள் கட்டடக்காரர் பூட்டை மாற்றலாம், லீசில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய. காலையில் கறிப் பானையோடு வந்து பூட்டிய கதவின் முன் நின்ற ஒருவரை எனக்குத் தெரியும். லீசில் தனிப்பட்ட உத்தரவாதம் கேட்டால், கொம்பனி மூடினாலும் கடன் உங்களோடு வரும் என்று பொருள். அதை ஒரு வருடத்துக்கு மட்டுப்படுத்தச் சொல்லிப் பேசலாம், சிலர் ஒப்புக்கொள்வார்கள்.

அந்த இடத்தில் உணவகம் நடத்த நகரசபை அனுமதிக்கிறதா, புகைபோக்கி இருக்கிறதா என்பதைக் கையெழுத்துக்கு முன் கேளுங்கள். புகைபோக்கி போடும் செலவிலேயே சேமிப்பெல்லாம் கரைந்தவர்கள் உண்டு. கட்டாயம் ஒரு சட்டத்தரணியிடம் வாசிக்கக் கொடுங்கள். அந்தச் செலவை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

எட்டாம் படி: முதலீட்டுக் காசு எங்கே இருந்து வரும்?

வந்த மாதமே வைப்புப் பணம் வைத்து ஒரு கிரெடிட் கார்ட் எடுத்து, ஒவ்வொரு மாதமும் முழுதாகக் கட்டி வாருங்கள். கடன் புள்ளி 300இல் இருந்து 900 வரை. அது ஏற காலம் எடுக்கும். ஒன்ராறியோ முழுவதும் சிறு வணிக மையங்கள் இருக்கின்றன, ஆலோசனை இலவசம். அவற்றின் ஸ்டார்ட்டர் கொம்பனி பிளஸ் திட்டத்தில் தெரிவானால் 5,000 டொலர் வரை மானியம். 18இல் இருந்து 39 வயதுக்குள் இருப்பவர்கள் இளம் தொழில்முனைவோருக்கான அமைப்பான ஃபியூச்சர்பிரனரிடம் கடனும் வழிகாட்டியும் கேட்கலாம்.

சீட்டு நம் சமூகத்தில் பல கடைகளைத் திறந்திருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் சீட்டுக்காரர் ஓடினால் காசை மீட்பது மிகக் கடினம். போனாலும் தாங்கக்கூடிய அளவு மட்டும் போடுங்கள். வட்டிக்குக் கடன் வாங்க நேர்ந்தால், தனிநபர் கடனுக்கு வருடத்துக்கு 35 வீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது 2025 ஜனவரி முதல் பொதுவாகக் குற்றம் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

ஒன்பதாம் படி: உங்கள் முதல் ஊழியர்

ஒரு நாள் கடை வாசலில் நீங்களே ‘ஆள் தேவை’ என்று துண்டு ஒட்டுவீர்கள். வருபவர் போன மாதம் இறங்கிய ஒருவராக இருக்கக்கூடும். கையில் காசாகத் தாருங்கள் என்று அவரே கேட்பார், காரணம் அவருக்கு இன்னும் விளங்கவில்லை. அவருடைய அனுமதிப் பத்திரத்தையும் சின் நம்பரின் முடிவுத் திகதியையும் பாருங்கள். வரித் திணைக்களத்தில் சம்பளக் கணக்கு திறவுங்கள். வெட்டிய வரி, ஓய்வூதியம், வேலையிழப்புக் காப்புறுதி எல்லாம் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் போய்ச் சேர வேண்டும். வேலைக்கு வைத்த பத்து நாளுக்குள் தொழிலாளர் நட்டஈட்டுச் சபையான டபிள்யூ.எஸ்.ஐ.பி.யில் பதியுங்கள். பெப்ரவரி முடிவதற்குள் ரி4 என்ற வருடச் சம்பளப் படிவத்தைக் கொடுக்க வேண்டும்.

முதல் வெள்ளிக்கிழமை அவருக்குச் சம்பளத் துண்டைக் கொடுக்கும்போது பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக் கொடுங்கள். இது ஓய்வூதியம், இது வேலையிழப்புக் காப்புறுதி, இது வரி, இது கைக்கு வருவது. பத்து நிமிடம்தான் ஆகும். எனக்கு அந்தப் பத்து நிமிடத்தை யாரும் தரவில்லை.